காபி முன்னிரவுக்கு, பேச்சு பின்னிரவுக்கு: நைட் ஷிஃப்ட் இடைவேளைகளை எப்படி அமைப்பது?

கேள்வி இது. இரவு 10 முதல் காலை 6 வரை ஏழு பேர் வேலை செய்யும் குழு. அரை மணி நேர இடைவேளை ஒன்றும் 15 நிமிட இடைவேளை இரண்டும் உண்டு. ஆளாளுக்குத் தோன்றிய நேரத்தில் போய்க் காபியை எடுத்துக்கொண்டு தங்கள் மேசைக்கே திரும்பிவிடுகிறார்கள். ஆறு மாதமாகியும் ஒருவரையொருவர் சரியாகத் தெரியாது. காலையில் வீட்டுக்குப் போனால் தூக்கமும் பிடிப்பதில்லை. இடைவேளையை எப்படி மாற்றினால் இந்த இரண்டும் சரியாகும்?

இரண்டும் ஒரே முடிச்சில் சிக்கியிருக்கின்றன. காபி குடிப்பதும் இடைவேளை எடுப்பதும் ஒன்றுதான் என்று நினைப்பதே அந்த முடிச்சு. காபி எப்போது என்பதைக் காலையில் நீங்கள் படுக்கப்போகும் நேரம் தீர்மானிக்க வேண்டும். கூடி உட்காருவது எப்போது என்பதை உடம்பு மிகவும் தளரும் நேரம் தீர்மானிக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் நடப்பது நேர்மாறு. விடியற்காலை 4 மணிக்குத் தூக்கம் கண்ணைக் கட்டும்போது ஆளுக்கொரு பெரிய கோப்பைக் கடுங்காபி, அதையும் தனியாக உட்கார்ந்து. காபியைத் தொடக் கூடாத வேளையில் காபி, பக்கத்தில் ஆள் வேண்டிய வேளையில் தனிமை.

முதலில் காபிக் கணக்கு. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது தனக்குரிய ஏற்பிகளில் போய் ஒட்டும்போது தூக்கக் கலக்கம் வருகிறது. காஃபீன் அந்த ஏற்பிகளில் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது, அவ்வளவுதான். சேர்ந்த அடினோசின் எங்கும் போகவில்லை. காஃபீன் இறங்கியதும் மொத்தமாக வந்து தாக்கும். குடித்த அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் இரத்தத்தில் காஃபீன் உச்சத்துக்கு வரும். அதில் பாதி கழிய சராசரியாக 5 மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் இது மிகவும் மாறும்: சிலருக்கு 2 மணி நேரம் போதும், சிலருக்கு 9 மணி நேரம் வேண்டும். கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு ஏறக்குறைய இரட்டிப்பாகும், கர்ப்ப காலத்தில் இன்னும் நீளும். சிப்ரோஃப்ளாக்சசின், ஃப்ளூவாக்ஸமின் போன்ற மருந்துகளும் காஃபீன் கழிவதைத் தாமதப்படுத்தும். புகைப்பவர்களுக்கு வேகமாகக் கழிந்துவிடும். அதனால்தான் சிகரெட்டை விட்ட ஒருவர் பழைய அளவிலேயே காபி குடித்தால் கை நடுங்குகிறது, படபடக்கிறது, தூக்கம் போகிறது. புகையை விட்டதால் வந்த தொல்லை என்றே அவர் அதை எடுத்துக்கொள்வார். அதில் ஒரு பங்கு காபியுடையது. குழுவில் யாராவது புகையை விட்டால் காபியையும் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள்.

இப்போது இரண்டு இரவுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். காலை 8 மணிக்குப் படுக்கை என்று வைத்துக்கொள்வோம். முதல் இரவில் 4 மணிக்கு 200 மி.கி. காஃபீன் உள்ள பெரிய கோப்பை. 8 மணிக்கு உடம்பில் சுமார் 115 மி.கி. மிச்சம் இருக்கும். ஒரு முழுக் கோப்பை காபியைக் குடித்த கையோடு போய்ப் படுப்பதற்கு இது சமம். இரண்டாவது இரவில் 10:30, 12, 1:30 என மூன்று வேளை, ஒவ்வொன்றிலும் 50 மி.கி. உள்ள அரைக் கோப்பை. 8 மணிக்கு மிஞ்சுவது மொத்தமே 50 மி.கி. அளவுதான். படுப்பதற்கு 6 மணி நேரம் முன்னால் 400 மி.கி. எடுத்தாலே தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைகிறது என்று 2013இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தூங்கியவர்களுக்கு அந்தக் குறைவு சரியாக உறைக்கவும் இல்லை. ‘எனக்குக் காபி ஒன்றும் செய்யாது, குடித்துவிட்டும் தூங்குவேன்’ என்பவர்களை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான். கண் மூடுவது வேறு, ஆழ்ந்து தூங்குவது வேறு.

சிறிது சிறிதாகக் குடிப்பது நல்லது என்பதற்கும் அடிப்படை உண்டு. 2004இல் வெளியான ஓர் ஆய்வில் உடல் எடையில் கிலோவுக்கு 0.3 மி.கி. வீதம் மணிக்கொரு முறை கொடுத்துப் பார்த்தார்கள். 60 கிலோ எடைக்கு அது வெறும் 18 மி.கி., சில மடக்கு காபி. நீண்ட நேரம் விழித்திருந்தவர்களின் கவனத்தைத் தாங்கிப் பிடிக்க அதுவே உதவியது. ஆக, கோப்பையைச் சிறிதாக்குங்கள், படுப்பதற்கு 6 மணி நேரம் முன்னால் நிறுத்துங்கள். 8 மணிக்குப் படுப்பவருக்குக் கடைசி வாய் 2 மணிக்குள் முடிந்திருக்க வேண்டும். நாளொன்றுக்கு 400 மி.கி.க்கு மேல் வேண்டாம், ஒரே தடவையில் 200 மி.கி.யைத் தாண்ட வேண்டாம், கர்ப்பிணிகளுக்கு நாள் முழுவதற்கும் 200 மி.கி. என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் சொன்ன வரம்பு. இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்கள் மருத்துவர் சொல்லும் அளவையே பின்பற்ற வேண்டும்.

எதில் எவ்வளவு என்பதைக் காபி மேசைக்கு மேலே எழுதி ஒட்டிவிடுங்கள். வடிகட்டிய காபி 240 மி.லி. என்றால் சுமார் 95 மி.கி., ஒரு எஸ்பிரெஸ்ஸோ சுமார் 60, ஒரு தேக்கரண்டி இன்ஸ்டன்ட் காபியும் கிட்டத்தட்ட அதே 60, கறுப்புத் தேநீர் 240 மி.லி. 45 முதல் 50, எனர்ஜி ட்ரிங்க் 250 மி.லி. டப்பா 80. காபிக் கொட்டையில் அரபிகா, ரொபஸ்டா என்று இரண்டு முக்கிய வகை. ரொபஸ்டாவில் அரபிகாவைப் போல ஏறக்குறைய இரட்டிப்புக் காஃபீன் உண்டு. தூள் மாறியதும் ‘போன வாரம் வரை நன்றாகத் தூங்கினேன், இந்த வாரம் முடியவில்லை’ என்று யாராவது சொன்னால் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

அடுத்தது இடைவேளைக் கடிகாரம். மூன்று இடைவேளைகளுக்கும் ஒரே வேலையைக் கொடுக்காதீர்கள். அரை மணி நேரம் உடம்புக்கு, 15 நிமிடங்கள் இரண்டும் ஆட்களுக்கு. 12 மணிக்கு முதல் கூட்டு இடைவேளை, காபியோடு. 1:30க்கும் 2:30க்கும் இடையில் குழுவை இரண்டாகப் பிரித்து முறை வைத்து அரை மணி ஓய்வு. 4 மணிக்கு இரண்டாவது கூட்டு இடைவேளை, காஃபீன் இல்லாமல். இந்த இடைவெளி கண்ணை மூடிக்கொண்டு வைத்ததல்ல. ஒரு தொழிற்சாலையின் விபத்துப் பதிவுகளை ஆராய்ந்து 2003இல் வெளியான ஆய்வு ஒன்று, இடைவிடாத 2 மணி நேர வேலையின் கடைசி அரை மணியில் விபத்து அபாயம் முதல் அரை மணியைப் போல ஏறக்குறைய இரு மடங்காக இருந்ததென்றும், இடைவேளை முடிந்ததும் அது மறுபடி கீழே இறங்கியதென்றும் காட்டியது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் யாரும் ஒரே மூச்சில் போகாதபடி அட்டவணை இருக்க வேண்டும். ‘இப்போது வேலை குறைவு, இடைவேளையைச் சேர்த்துவைத்துக் கடைசியில் எடுத்துக்கொண்டு சீக்கிரம் கிளம்பலாம்’ என்ற ஏற்பாட்டுக்கு ஒருபோதும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அந்த அரை மணி ஓய்வைக் காபித் தூக்கமாக மாற்றலாம். கடைசி அரைக் கோப்பையை வேகமாகக் குடித்துவிட்டு உடனே 20 நிமிடம் படுத்துவிட வேண்டும். காஃபீன் ஏறுவதற்குள் தூக்கம் அடினோசினைக் கொஞ்சம் கரைத்துவிடும். எழும்போது காபி வேலையைத் தொடங்கியிருக்கும். தூக்கக் கலக்கத்தோடு வண்டி ஓட்டுபவர்களைப் பற்றி இங்கிலாந்தில் ஹார்ன், ரெய்னர் இருவரும் 1990களில் செய்த சோதனைகளில் இது நல்ல பலன் தந்தது. கெட்டுப்போவது இரண்டு இடங்களில். சூடான காபியை ஊதி ஊதிக் குடிப்பதிலேயே பத்து நிமிடம் போய்விடும்; அதனால் ஆறிய காபிதான் இதற்குச் சரி. இன்னொன்று, 20 நிமிடம் 40 ஆகிவிடுவது. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்தால் அடுத்த அரை மணி வரை மூளை மந்தமாக இருக்கும், பின்னிரவில் அது இன்னும் மோசம். எழுந்ததும் 10 நிமிடம் பொறுப்பான வேலை எதையும் கொடுக்காதீர்கள். எழுப்புவதற்கு ஃபோன் அலாரத்தை மட்டும் நம்பாமல் ஒரு ஆளைச் சொல்லிவையுங்கள். ‘என்னை 2 மணிக்கு எழுப்பிவிடு’ என்று ஒருவரிடம் சொல்வதும், அவர் சொன்ன நிமிடத்துக்கு வந்து தோளைத் தட்டுவதும், பல நாள் பேச்சைவிட அதிகமாக நம்பிக்கையை வளர்க்கும்.

நட்புக்கு வருகிறேன். கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமானவர் சாதாரண நண்பராக மாறச் சுமார் 50 மணி நேரமும், நண்பர் என்று சொல்லச் சுமார் 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் ஆகிறது என்று மதிப்பிட்டார். முக்கியமானது அடுத்த வரி: பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்த மணி நேரங்கள் நெருக்கத்தைக் கூட்டவில்லை. ஆறு மாதம் ஒரே தளத்தில் இருந்தும் உங்கள் ஏழு பேரும் அந்நியர்களாக இருப்பதற்கு இது போதுமான விளக்கம். இனி பெருக்கிப் பாருங்கள். ஓர் இரவுக்கு 15 நிமிடம் இரண்டு தடவை என்றால் அரை மணி, வாரத்தில் 5 இரவுக்கு இரண்டரை மணி. 50 மணி நேரத்துக்கு 20 வாரம், 90க்கு 36 வாரம். வாரந்தோறும் ரோஸ்டரை, அதாவது யாருக்கு எந்த நாள் வேலை என்ற பட்டியலை, கலைத்துப் போட்டு, ஒருவரைப் பாதி நாள்தான் பார்க்க முடிகிறதென்றால் அந்த 20 வாரம் 40 ஆகிவிடும். நைட் ஷிஃப்டில் நட்பு முளைக்காததற்கு ஆட்களின் சுபாவத்தைக் குறை சொல்வதற்கு முன்னால் ரோஸ்டரை எடுத்துப் பாருங்கள்.

ஏழு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து போக முடியாது. நால்வர், மூவர் என்று இரண்டு அணியாக்குங்கள்: முதல் அணி 11:40, இரண்டாவது 12:00; மறுபடி 4:00, 4:20. அணி குறைந்தது இரண்டு மாதமாவது மாறாமல் இருக்கட்டும். ஆனால் மாறாமலே விட்டால் இரண்டு முகாம்கள் உருவாகும். ‘அவங்க செட்டு’ என்ற சொல் காதில் விழுந்தால் தாமதமாகிவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒருவர் வீதம் அணி மாறினால் போதும், எல்லோரையும் மொத்தமாகக் கலைக்க வேண்டாம். ஒரு வங்கியின் கால் சென்டரில் எம்.ஐ.டி.யின் அலெக்ஸ் பென்ட்லண்ட் குழுவினர் செய்யச் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். தனித்தனியாகக் கொடுக்கப்பட்ட காபி இடைவேளையை ஒரு குழுவில் உள்ள அனைவருக்கும் ஒரே நேரத்தில் வைத்தார்கள். பின்தங்கியிருந்த குழுக்களில் ஓர் அழைப்பை முடிக்கும் சராசரி நேரம் 20 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. மொத்த கால் சென்டருக்கும் 8 சதவீதம் குறைந்தது. மேலாளர் ‘பேசிப் பொழுதைக் கழிப்பார்கள்’ என்று தயங்கினால் 2012இல் வெளியான இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

15 நிமிடம் என்பது கேட்கச் சிறிதல்ல, ஆனால் கரைந்துவிடும். இடைவேளை அறைக்கு நடந்து போக 4 நிமிடம், திரும்ப 4 நிமிடம் என்றால் மிஞ்சுவது 7. அதில் தண்ணீர் கொதிக்க வேண்டும். 2000 வாட் கெட்டிலில் 1.7 லிட்டர் கொதிக்க நாலரை நிமிடமாவது ஆகும். மெஷின் ஒரு தடவைக்கு ஒரு கோப்பைதான் தரும் என்றால் வரிசையில் நிற்பதே இடைவேளை. எனவே வேலை செய்யும் இடத்திலிருந்து ஒரு நிமிட நடையில் ஒரு மேசை, நான்கு நாற்காலி, முன்கூட்டியே நிரப்பிய ஃபிளாஸ்க். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் ஏற்பாடு இரண்டு வாரத்தில் கலைந்துவிடும். நாற்காலிகள் எதிரெதிராக இருக்கட்டும். சுவரைப் பார்த்த நீண்ட பலகையில் உட்கார்ந்தால் கை தானாக ஃபோனை எடுக்கும்.

ஃபிளாஸ்க் காபிக்கு அளவு: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 55 முதல் 60 கிராம் தூள். தண்ணீர் கொதித்து அரை நிமிடம் கழித்து ஊற்றுங்கள். 92 முதல் 96 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும். தூள் கொஞ்சம் தண்ணீரை இழுத்துக்கொள்வதால் 120 மி.லி. அரைக் கோப்பை வீதம் ஏழு கோப்பை கிடைக்கும், ஒவ்வொன்றிலும் 50 முதல் 70 மி.கி. காஃபீன். திடம் போதவில்லை என்று தூளைக் கூட்டினால் மேலே போட்ட தூக்கக் கணக்கு முழுவதும் தவறிவிடும். ஃபிளாஸ்கில் ஊற்றுவதற்கு முன் அதைக் கொதிநீரால் ஒருமுறை அலசி ஊற்றினால் சூடு நிற்கும். சூட்டுத் தட்டின் மேல் வைத்த ஜாடி வேண்டாம்; கீழிருந்து சூடேறிக்கொண்டே இருந்தால் அரை மணியில் காபி புளித்துக் கசக்கும். பாலைக் கலந்து ஃபிளாஸ்கில் வைக்கவே கூடாது. வெதுவெதுப்பான பாலில் கிருமிகள் வேகமாகப் பெருகும். பால் குளிர்பெட்டியில் 5 டிகிரிக்குக் கீழே இருக்கட்டும், கோப்பையில் ஊற்றும்போது சேர்த்துக்கொள்ளட்டும். வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் இருந்த பாலைக் கொட்டிவிடுங்கள். ஆவி பறக்கக் குடிக்கும் போட்டியும் வேண்டாம்: 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் பானங்கள் குடிப்பதை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் வைத்திருக்கிறது. ஃபிளாஸ்கின் உள்சுவரில் காபி எண்ணெய் படிந்து கெட்ட வாடை வரும். வாரம் ஒருமுறை ஒரு லிட்டர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடாவைக் கரைத்து அரை மணி ஊறவைத்துக் கழுவினால் போய்விடும். கெட்டிலில் உப்புப் படிந்தால் லிட்டருக்கு 15 கிராம் சிட்ரிக் அமிலம் போட்டுக் கொதிக்கவிட்டு, 20 நிமிடம் கழித்துக் கொட்டி, இரண்டு முறை வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஊற்றிவிடுங்கள்.

இவ்வளவையும் யார் செய்வது? நட்பு உடைவது பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான். புதிதாகச் சேர்ந்தவர் தலையில், அல்லது குழுவில் இருக்கும் ஒரே பெண் தலையில் காபி போடும் வேலை மெல்ல வந்து உட்கார்ந்துகொள்ளும். அவர் ‘பரவாயில்லை’ என்பார், மூன்று மாதம் கழித்துக் காரணமே சொல்லாமல் இடைவேளைக்கு வருவதை நிறுத்திவிடுவார். முதல் நாளே வாரமுறை எழுதி ஒட்டுங்கள்: இந்த வாரம் காபி இவர், கழுவுவது இவர், ஏழு பேரும் சுற்றி வரட்டும், மேற்பார்வையாளர் உட்பட. பணமும் அப்படியே. மாதத் தொடக்கத்தில் ஒரே தொகை, செலவுச் சீட்டு ஒரு உறைக்குள், உறை எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில். காபி குடிக்காதவரிடம் தூளுக்குக் காசு கேட்காதீர்கள், ஆனால் அவருடைய நாற்காலியை எடுத்துவிடாதீர்கள். ‘காபி பிரேக்’ என்ற பெயரே சிலரை வெளியே நிறுத்திவிடுகிறது. ‘12 மணி’, ‘4 மணி’ என்று நேரத்தையே பெயராக வைத்துவிடுங்கள்.

நேரத்துக்குப் பெயர் வைப்பது பழைய பழக்கம்தான். சமூகவியலாளர் டொனால்ட் ராய் ஒரு தொழிற்சாலையில் தாமே மெஷின் ஓட்டிக்கொண்டு கவனித்ததை 1959இல் எழுதினார். மாறாத வேலை, நீண்ட நாள். அங்கிருந்த சிறு குழு ஒவ்வோர் இடைவேளைக்கும் ஒரு பெயர் வைத்து, அதற்கென ஒரே கேலியைத் தினமும் திரும்பத் திரும்பச் செய்து பொழுதைத் தள்ளியது. வெளியாளுக்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தெரிந்த அதுதான் அவர்களை அந்த வேலையில் நிறுத்திவைத்தது. ஒரு நாள் ஒரு கேலி தைத்துவிட்டது, பேச்சே நின்றுபோனது. இரண்டு பாடமும் உங்களுக்கு வேண்டும். தினம் திரும்ப வரும் சிறு வழக்கம் ஒன்று இருக்கட்டும்: ஒரு குறுக்கெழுத்துக் கட்டம், நேற்றைய விடுகதைக்கு இன்று பதில், பலகையில் ஒரு சொல். புத்திசாலித்தனமான உரையாடல் அந்த நேரத்துக்கு வராது. ஏற்கெனவே தெரிந்த ஒன்றைத் தொடர்வது எளிது. கேலி இருக்கலாம். ஒருவருடைய குடும்பம், உடம்பு, சம்பளம் ஆகிய மூன்றையும் அது தொட வேண்டாம்.

4 மணி இடைவேளைக்கு இன்னும் கவனம் தேவை. 3 மணிக்கும் 6 மணிக்கும் இடையில் உடல் வெப்பம் நாளின் மிகக் குறைந்த நிலைக்கு இறங்கியிருக்கும், கவனமும் அதோடு இறங்கும். காலையில் எழுந்ததிலிருந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன் இரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவருடையதைப் போலாகிறது என்று 1997இல் டாசன், ரீட் இருவரும் காட்டினார்கள். முதல் நைட் ஷிஃப்ட் அன்று பகலில் தூங்காமல் வருபவர் நள்ளிரவுக்குள் அந்த எல்லைக்கு வந்துவிடுவார். எனவே இந்த 15 நிமிடத்தில் விளக்கு பிரகாசமாக இருக்கட்டும், முதல் 5 நிமிடம் நின்றோ நடந்தோ பேசட்டும், குடிக்க வெந்நீர் அல்லது காஃபீன் இல்லாத ஏதாவது, தின்பதற்குக் கொஞ்சமாக ஒன்று. இரவில் சர்க்கரையைக் கையாளும் திறன் உடம்புக்குக் குறைவு. இனிப்போ பெரிய சாப்பாடோ வைத்தால் அடுத்த ஒரு மணி நேரம் எல்லோரும் சொக்கி விழுவார்கள். கையில் சூடான கோப்பை இருப்பதுதான் பாதி ஆறுதல், அதற்குள் காபிதான் இருக்க வேண்டும் என்பதில்லை. பேச்சு, நடை, வெளிச்சம் மூன்றும் சேர்ந்து தரும் விழிப்பு காலைத் தூக்கத்திலிருந்து ஒரு நிமிடத்தையும் கடன் வாங்காது.

அதே வேளையில் மனமும் மெலிந்திருக்கும். தூக்கம் இழந்தவர்களிடம் வேண்டாத காட்சிகளுக்கு மூளையில் உணர்ச்சிகளைக் கையாளும் அமிக்டலா என்ற பகுதி 60 சதவீதம் கூடுதலாகத் துடித்ததாக 2007இல் ஓர் ஆய்வு பதிவு செய்தது. நண்பர் சாதாரணமாகச் சொன்ன ஒரு சொல் 4 மணிக்குக் குத்தும். ஆகவே 3 மணிக்கு மேல் கணக்குத் தீர்க்காதீர்கள்: யார் அதிக வேலை செய்தது, யார் விடுப்புக்கு யார் வந்தது, போன வாரத் தவறு யாருடையது, எதுவும் வேண்டாம். கோபத்தில் எழுதிய செய்தியை அனுப்பாமல் வைத்துக்கொண்டு அடுத்த இரவு 12 மணி இடைவேளையில் நேரில் பேசுங்கள். இன்னொரு பக்கமும் உண்டு. இந்த நேரத்தில் மனத்தின் தாழ்ப்பாள் தானாகத் திறந்துகொள்ளும். பகலில் சொல்லவே மாட்டாததை ஆட்கள் சொல்லிவிடுவார்கள். கேட்டவர் அதைப் பகல் ஷிஃப்டிடம் கொண்டுபோகக் கூடாது. அது ஒருமுறை நடந்துவிட்டால் அந்த மேசையில் பிறகு வானிலையைத் தவிர எதுவும் பேசப்படாது. ஒருவர் வேலை பயத்தையோ வீட்டுத் துயரத்தையோ சொன்னால் தீர்வு தேடித் தராதீர்கள். உங்களுக்கும் நடந்ததுண்டென்றால் அதைச் சுருக்கமாகச் சொல்லுங்கள், போதும். டென்மார்க்கின் அரசு அலுவலர்களைக் கவனித்துப் பெர்னில்லா ஸ்ட்ரோபேக் 2013இல் எழுதியதும் இதையே சொல்கிறது: மனத்தை அழுத்தும் வேலையைத் தாங்க அவர்கள் காபி வேளையில் தங்களுக்குள்ளேயே ஒரு தாங்கும் குழுவை உருவாக்கிக்கொண்டார்கள்.

அழைப்பு எப்போதும் எல்லோர் காதிலும் விழும்படி இருக்கட்டும். ஆள் நடமாட்டம் இல்லாத தளத்தில் ஒருவரை மட்டும் தனியாகக் கூப்பிடுவது, மறுத்த பிறகும் மறுபடி கூப்பிடுவது, வீடு வரை கூட வருகிறேன் என்று வற்புறுத்துவது, இவை நட்பின் பெயரில் வந்தாலும் தொல்லைதான். இடைவேளை அறைக் கதவு திறந்திருக்கட்டும். பேசாமல் உட்கார்ந்திருக்க விரும்புபவரையும் அப்படியே விடுங்கள். தினமும் வந்து சும்மா இருப்பவர் விலகி நிற்பவர் அல்ல, வந்து உட்காருவதே அவருடைய பங்கு.

நட்பு ஆழமானதும் ஓர் ஆபத்து வரும்: மூடி மறைப்பது. நண்பர் கண் அயர்ந்துவிட்டார், அவர் பார்க்க வேண்டிய அளவீட்டை இவர் ஊகித்து எழுதிவிடுகிறார். உதவுவதற்கும் மறைப்பதற்கும் கோடு தெளிவானது. ‘நீ போய் 20 நிமிடம் படு, உன் இடத்தை நான் பார்க்கிறேன்’ என்று மேற்பார்வையாளருக்குத் தெரியச் சொன்னால் அது உதவி. பார்க்காததைப் பார்த்ததாக எழுதினால் அது நண்பரையும் சேர்த்து ஆபத்தில் தள்ளுவது. இடைவேளைக்கு எழும்போதும் நாலே வரிப் பொறுப்பு மாற்றம் வேண்டும்: இப்போது என்ன ஓடுகிறது, எதில் சந்தேகம், எப்போது என்னைக் கூப்பிட வேண்டும், எத்தனை மணிக்குத் திரும்புவேன். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். குழந்தைகள் மருத்துவமனைகளில் பொறுப்பு மாற்றத்தை இப்படி முறைப்படுத்தியபோது தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதம் குறைந்ததாக 2014இல் ஒரு பெரிய ஆய்வு வெளியானது.

‘பிரேக் முடிந்து பார்த்துக்கலாம்’ என்ற வாக்கியத்தை மட்டும் அனுமதிக்காதீர்கள். 1984 டிசம்பர் 2 இரவு போபால் ஆலையில் கண் எரிச்சலை உணர்ந்து தொழிலாளர்கள் நச்சுவாயுக் கசிவைக் கவனித்தார்கள். தேநீர் இடைவேளைக்குப் பிறகு அதைச் சரிசெய்யலாம் என்று முடிவானது. இடைவேளை முடிந்த சில நிமிடங்களில் தொட்டியின் அழுத்தம் கைமீறியது. அந்தப் பேரழிவுக்குத் தேநீர் காரணமல்ல. தொட்டிக்குள் புகுந்த தண்ணீரும் செயல்படாமல் கிடந்த பாதுகாப்பு அமைப்புகளும் காரணம். ஆனால் சந்தேகம் ஒன்று கிளம்பிவிட்டால் இடைவேளைதான் தள்ளிப்போக வேண்டும் என்பதை அதைவிட அழுத்தமாக எதுவும் சொல்லிவிட முடியாது.

ஷிஃப்ட் முடிந்த பிறகு வீட்டுக்குப் போகும் பாதைதான் இரவின் மிக ஆபத்தான பகுதி. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் 4 விநாடி கண் சொருகினால் வண்டி 67 மீட்டர் ஓடிவிடும். சேர்ந்து போவது நல்லது, ஆனால் ஓட்டுபவரைத் தவிர மற்றவர்கள் தூங்கிவிடுவதுதான் வழக்கம். முன் இருக்கையில் இருப்பவர் தூங்கக் கூடாது என்பதை விதியாக்குங்கள். 4 மணி இடைவேளையில் ஒருவரையொருவர் பார்த்து ‘இன்று ஓட்ட முடியுமா?’ என்று கேட்பதைப் பழக்கமாக்குங்கள். முடியாது என்பவர் 20 நிமிடம் படுத்து எழுந்து கிளம்பட்டும், வீடு சேர்ந்ததும் குழுவுக்கு ஒற்றைச் சொல் செய்தி போடட்டும். வரவில்லை என்றால் அழைப்பது அன்றைய காபி முறைக்காரர் வேலை.

விடுமுறை நாளில் வரும் தலைவலியையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதனாலேயே பலர் வெளியே சந்திக்கப் போட்ட திட்டத்தைக் கைவிடுகிறார்கள். தினமும் காபி குடித்துப் பழகியவர் நிறுத்திய 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி, சோர்வு, எரிச்சல் தொடங்கும். ஷிஃப்ட் இருக்கும் நாளில் 150 மி.கி. என்றால் விடுமுறையில் எழுந்ததும் 50 மி.கி. எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் சமாளிக்கலாம். சந்திப்பைக் காலை 6 மணிக்கு ஷிஃப்ட் முடிந்த கையோடு வைக்காதீர்கள். ஒரு மணி நேரம் பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்தால் உடம்பு அதை விடியல் என்று எடுத்துக்கொள்ளும், தூக்கம் தள்ளிப்போகும். விடுமுறை முடிந்து மறுபடி வேலைக்கு வரும் நாளின் மாலை நல்ல நேரம்: எல்லோரும் தூங்கி எழுந்திருப்பார்கள், ஒருவருக்கும் கண் எரியாது, அங்கிருந்தே சேர்ந்து வேலைக்கு வந்துவிடலாம்.